கடலோடிகளும் கோவில் ஏடுகளும்

ஒருவன் இம்மண்ணில் வாழ்ந்தான் என்பதற்கு என்ன சாட்சி? அரசர்களுக்குக் கல்வெட்டுகள் உண்டு. செல்வர்களுக்கு நிலமும் பத்திரமும் உண்டு. உழுது பிழைத்த குடியானவனுக்குங்கூட ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி மண் கிடைத்திருக்கும். கடலையே வயலாகக் கொண்டு வாழ்ந்த மாலுமிக்கு என்ன இருக்கிறது? அவன் சென்ற வழி நீரில் மறைந்துபோகிறது. அவன் மாண்ட இடத்தைச் சுட்டிக்காட்ட ஒரு சிலுவையும் நடப்படுவதில்லை.

ஆயினும், முந்நூறு நானூறு ஆண்டுகளுக்கு முன் கடலில் உழன்ற தம் முன்னோரை இன்று இங்கிலாந்து நாட்டுக் குடும்பங்கள் பல பெயர் சொல்லி இனங்கண்டுகொள்கின்றன. பெருங்குடி மக்கள் மட்டுமல்லர், எழுதப் படிக்கத் தெரியாத எளிய கப்பலாட்களின் பேரப்பிள்ளைகளும் இவ்வாறு தேடிக் கண்டடைகின்றனர். அதற்கு அவர்களுக்கு உதவியாய் நிற்பவை அந்நாட்டுப் பங்குக் கோவில்களில் எழுதிவைக்கப்பட்ட திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளே. கோவில் ஏட்டில் பெயர் பதிவது நம் குடும்பங்களுக்குப் பழக்கமான ஒன்றாதலால், இவ்வரலாற்றை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது பயனுடையது என எண்ணுகிறோம்.

ஏடு பிறந்த கதை

எட்டாம் ஹென்றி மன்னன் உரோமையோடு கொண்டிருந்த உறவை முறித்துக்கொண்டது 1534-ஆம் ஆண்டில். நான்கு ஆண்டுகள் கழித்து, 1538-இல், மன்னனின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஒரு கட்டளை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கிலும் குருவானவர் ஓர் ஏடு வைத்து, ஞாயிறுதோறும் கோவில் பொறுப்பாளர் முன்னிலையில், சென்ற வாரத்தில் நிகழ்ந்த திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். ஏட்டை இரண்டு பூட்டுகளுள்ள பெட்டகத்தில் வைக்க வேண்டும். தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் தண்டம் செலுத்த வேண்டும். அத்தொகை கோவிலைப் பழுதுபார்க்கச் செலவிடப்பட வேண்டும் என்பது கட்டளை. துறவு மடங்களைக் கலைத்து, அவற்றின் நூலகங்கள் சிதறக் காரணமாயிருந்த அதே கைதான் இவ்வேடுகளையும் பிறப்பித்தது! பிறப்புக்கும் இறப்புக்கும் புது வரி விதிக்கவே இந்த ஏற்பாடு என்று மக்கள் அஞ்சினர்.

தொடக்கத்தில் பல பங்குகளில் தாளிலேயே எழுதிவந்தனர். தாள் விரைவில் நைந்துபோகவே, 1598 முதல் தோல் ஏடுகளில் எழுத வேண்டுமென்றும், பழைய பதிவுகளையும் அவற்றில் பெயர்த்தெழுத வேண்டுமென்றும் ஏற்பாடாயிற்று. எலிசபெத் அரசி பட்டமேறிய 1558 முதலாவது பெயர்த்தெழுதினால் போதும் என்று இடங்கொடுக்கப்பட்டதால், பல ஊர்களில் ஏடு அந்த ஆண்டிலிருந்தே தொடங்குகிறது. ஆண்டுதோறும் ஒரு படி எடுத்து ஆயருக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியும் அப்போதே வலியுறுத்தப்பட்டது. கோவில் ஏடு தீயிலோ ஈரத்திலோ அழிந்த இடங்களில் ஆயர் இல்லத்துப் படி கைகொடுத்ததும் உண்டு.

கத்தோலிக்க நாடுகளிலும் இதே நூற்றாண்டில் இம்முயற்சி வேரூன்றியது. திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், பங்கில் எழுதப்பட வேண்டிய ஏடுகளுக்கு மாதிரிகளையே வகுத்துத் தந்தது. ஆக, பங்கிலுள்ள ஒவ்வோர் ஆன்மாவும் பெயர் சொல்லி எண்ணப்பட வேண்டும் என்பதில் பிரிந்துபோன இரு தரப்பாரும் ஒருமனப்பட்டிருந்தனர் எனலாம்.

கடலின் பங்குக் கோவில்

லண்டன் மாநகரின் கிழக்கே, தேம்ஸ் ஆற்றுத் துறைகளை அடுத்து ஸ்டெப்னி என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள புனித டன்ஸ்டன் கோவிலைக் கடலின் கோவில் என்றே அழைப்பர். நடுக்கடலில் பிறக்கும் குழந்தைகள் அனைவரும் ஸ்டெப்னி பங்கைச் சேர்ந்தவர் என்ற நம்பிக்கை மாலுமிகளிடையே நெடுங்காலம் நிலவியது. சட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆயினும் ஊரற்ற கடலோடிக்கும் ஒரு பங்கு வேண்டும் என்ற ஏக்கம் அந்நம்பிக்கையில் ஒலிக்கிறதன்றோ?

இக்கோவிலின் ஏட்டில் 1589-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் ஒரு திருமணம் பதிவாகியுள்ளது. மணமகன் வில்லியம் ஆடம்ஸ், மணமகள் மேரி ஹின். கெண்ட் மாநிலத்து ஜில்லிங்கம் ஊரின் புனித மரிய மகதலேனா கோவில் ஏட்டைப் புரட்டினால், அதே ஆடம்ஸ் 1564 செப்டம்பர் 24-இல் திருமுழுக்குப் பெற்றதைக் காணலாம். பன்னிரண்டு வயதில் ஸ்டெப்னியை அடுத்த லைம்ஹவுஸ் துறையில் கப்பல் கட்டும் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்த சிறுவன் அவன். 1598-இல் டச்சு வணிகக் கப்பல்களுக்கு வழிகாட்டியாகப் புறப்பட்டவன், 1600-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் குற்றுயிரான தோழர் சிலரோடு ஜப்பான் கரையை அடைந்தான். அந்நாட்டை ஆண்ட தொகுகவா இயேயாசுவின் நம்பிக்கைக்குரிய ஆலோசகனாக உயர்ந்தான். அங்கே அவனுக்கு நிலம் கிடைத்தது. வேறொரு மனைவியும் மக்களும் வாய்த்தனர். 1620 மே மாதம் ஹிராடோ துறைமுகத்தில் உயிர் நீத்தபோது, தன் பொருளை இங்கிலாந்திலிருந்த குடும்பத்துக்கும் ஜப்பானிலிருந்த பிள்ளைகளுக்குமாகப் பகிர்ந்து எழுதிவைத்திருந்தான்.

ஆடம்ஸின் புகழை உலகம் இன்று கதையாகவும் படமாகவும் கொண்டாடுகிறது. ஆங்கிலக் கோவில் ஏடுகளோ அவனுடைய திருமுழுக்கையும் திருமணத்தையும் மட்டும் சொல்லி நின்றுவிடுகின்றன. அவனது அடக்கம் அவற்றில் இல்லை. கணவனை வழியனுப்பிவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த மேரியின் கதை அந்த வெற்றிடத்தில் புதைந்து கிடக்கிறது. கடலோடிகளின் தலைமுறையைத் தேடுவோர் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இதுவே: ஏட்டில் எழுதியிருப்பதைப் படிப்பதோடு, எழுதாமல் விடப்பட்டதையும் படிக்க வேண்டும்.

கூலியாளின் மகன்

இரண்டாவது சான்றாக, உலகமே அறிந்த ஒரு மாலுமியை எடுத்துக்கொள்வோம். யார்க்ஷயர் மாநிலத்தின் மார்ட்டன் சிற்றூரில் 1728 நவம்பர் 3-ஆம் நாள் ஜேம்ஸ் என்ற குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. தந்தையின் பெயரும் ஜேம்ஸ் குக், தொழில் நாட்கூலி. அவ்வளவே எழுதியிருக்கிறது. அக்குழந்தைதான் பிற்காலத்தில் பசிபிக் பெருங்கடலின் வரைபடத்தையே மாற்றி எழுதிய கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக். ஏட்டில் அவருக்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட குழந்தைகளின் வரிகளுக்கும் இந்த வரிக்கும் மையிலோ எழுத்திலோ எவ்வித வேறுபாடும் இல்லை. திருமுழுக்குத் தொட்டியருகே எல்லாரும் சமமே.

1762 டிசம்பர் 21-இல் பார்க்கிங் ஊரின் புனித மார்கரெட் கோவிலில் அவருக்கும் எலிசபெத் பேட்ஸ் என்பவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. அந்தப் பதிவில் மணமகனின் பங்காக ஷாட்வெல் குறிக்கப்பட்டுள்ளது. அதுவும் லண்டன் துறையைச் சார்ந்த மாலுமிகளின் குடியிருப்பே. மறு ஆண்டு பிறந்த மூத்த மகன் ஷாட்வெல் புனித பவுல் கோவிலிலேயே திருமுழுக்குப் பெற்றான்.

பிறகு பிள்ளைகள் பிறந்த காலத்தையும் கப்பல் புறப்பட்ட காலத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1768-இல் முதற்பெரும் பயணத்துக்குக் குக் புறப்பட்ட காலத்தை ஒட்டி ஜோசப் பிறந்தான். சில வாரங்களில் இறந்தான். 1771-இல் தந்தை திரும்பி வந்தபோது, அவர் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போன மகள் எலிசபெத்தும் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1772-இல் இரண்டாம் பயணம். அவ்வாண்டு பிறந்த ஜார்ஜ் அவ்வாண்டே மாண்டான். தாயொருத்தி தனியே நின்று குழந்தைகளைப் புதைத்த துயரத்தை ஆண்டுகளும் நாட்களும் தாமே சொல்லிவிடுகின்றன.

1779 பிப்ரவரி 14-இல் ஹவாய்த் தீவில் குக் கொல்லப்பட்டார். அவருடைய உடலில் எஞ்சியதைக் கடலிலேயே அடக்கம் செய்தனர். மறு ஆண்டு மகன் நதானியேல் புயலில் கப்பலோடு மூழ்கினான். 1793-இல் கடைசி மகன் ஹியூ காய்ச்சலில் இறந்தான். 1794-இல் மூத்தவனும் நீரில் மாண்டான். அறுவரையும் இழந்த தாய் 1835 வரை வாழ்ந்தார். கணவன் இறந்து ஐம்பத்தாறு ஆண்டு கைம்மை! கேம்பிரிட்ஜ் நகரின் பெரிய புனித அந்திரேயா கோவிலில் மக்கள் இருவரோடு அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். குக் வழியில் நேர்வாரிசு எவரும் இல்லை.

தேடுவோருக்குச் சில வழிகள்

நம் காலத்து ஓர் ஆங்கிலக் குடும்பம் தன் கடலோடி முன்னோரைத் தேடப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டி சொன்ன கதையில் தொடங்கி நேரே நெல்சன் தளபதியின் கப்பலுக்குத் தாவிவிடக் கூடாது. தெரிந்த ஒருவரிலிருந்து தெரியாத ஒருவருக்குப் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்வதே முறை. 1837 ஜூலை முதல் நாளிலிருந்து அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு உண்டு. 1851 மக்கள் தொகைக் கணக்கில் ஒவ்வொருவரும் பிறந்த ஊரும் எழுதப்பட்டது. அதற்கு முற்பட்ட காலத்துக்குக் கோவில் ஏடுதான் துணை.

1813 தொடங்கி ஏடுகள் அச்சிட்ட படிவங்களாயின. திருமுழுக்கு ஏட்டின் ஒரு பக்கத்தில் எட்டுப் பதிவுகள். குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், குடியிருப்பு, தந்தையின் தொழில் எனத் தனித்தனிக் கட்டங்கள். தொழிற் கட்டத்தில் மரைனர் என்றோ சீமேன் என்றோ இருந்தால் அவர் கடலோடி. மாஸ்டர் மரைனர் எனில் கப்பலை நடத்தத் தகுதி பெற்றவர். வாட்டர்மேன் எனில் ஆற்றில் படகில் ஆளேற்றிச் சென்றவர். லைட்டர்மேன் எனில் கப்பலிலிருந்து சரக்கை இறக்கித் தோணியில் கரைசேர்த்தவர். இவர்கள் இருவரும் பெருங்கடலைக் காணாமலே வாழ்நாளை முடித்திருக்கலாம்.

1813-க்கு முன்னே எழுதுபவரின் மனம் போல்தான் செய்தி. யார்க் நகரத்துக் குருவானவர் வில்லியம் டேட், 1770-களில், பாட்டன் பாட்டி பெயர்களையும் சேர்த்து எழுதும் விரிவான முறையை வகுத்தார். யார்க் பேராயரும் 1777-இல் அதைத் தம் மறைமாவட்டத்துக்குப் பரிந்துரைத்தார். இத்தகைய ஏடு கிடைத்தால் ஒரே வரியில் மூன்று தலைமுறை கைக்கு வந்துவிடும். வேறு ஊர்களிலோ பெயரும் நாளும் தவிர ஒன்றும் இராது.

பழைய எழுத்தைப் படிப்போர் சில கண்ணிகளையும் அறிந்திருக்க வேண்டும். 1733 வரை பல ஏடுகள் இலத்தீனில் உள்ளன. எழுத்தறியாத மாலுமி தன் பெயரை வாயால் சொல்ல, எழுதுபவர் காதில் விழுந்தபடி எழுதினார். ஆகவே ஒரே குடும்பத்தின் பெயர் நான்கைந்து வடிவங்களில் வரும். திருமுழுக்கு நாள் பிறந்த நாளன்று. குழந்தை எப்போது பிறந்தது என்பது பல ஏடுகளில் இராது. 1783 முதல் 1794 வரை பதிவொன்றுக்கு 3 பென்ஸ் வரி விதிக்கப்பட்டது. வறியவருக்கு விலக்கு இருந்தாலும், வரி நீங்கும்வரை திருமுழுக்கைத் தள்ளிவைத்தவரும் உண்டு. 1640-களில் மூண்ட உள்நாட்டுப் போர் முதல் 1660 வரை பல ஏடுகள் வெறுமையாய்க் கிடக்கின்றன.

எல்லாவற்றிலும் ஏமாற்றக்கூடியது ஆண்டுக் கணக்கு. 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது சனவரியில் அன்று. மங்கள வார்த்தைத் திருநாளாகிய மார்ச் 25-இல்தான். ஓர் இணையருக்கு 1720 ஏப்ரலில் திருமணமும், 1720 பிப்ரவரியில் குழந்தைக்குத் திருமுழுக்கும் என்று ஏடு சொன்னால், கணக்கறியாதவர் அந்தப் பாட்டியின் கற்பையே ஐயுறுவார். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1721. திருமணமாகிப் பத்து மாதம் கழித்தே குழந்தைக்குத் திருமுழுக்கு. இறந்தவர் எழுந்து வந்து தம் மானத்தைக் காத்துக்கொள்ள இயலாது. ஆதலால் ஏடு படிப்பவர் அறிவோடு படிக்கக் கடமைப்பட்டவர்.

கோவில் ஏட்டோடு கப்பல் ஏட்டையும் பொருத்திப் பார்ப்பது அடுத்த படி. அரசுக் கடற்படைக் கப்பல்களின் ஆள் பட்டியல்களில் 1764 முதல் வயதும் பிறந்த ஊரும் எழுதப்பட்டன. லண்டன் அருகே கியூ என்னுமிடத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை உள்ளன. பட்டியலில் கண்ட ஊருக்குச் சென்று அவ்வூர்க் கோவில் ஏட்டைத் திறந்தால், பெயரும் வயதும் ஒத்துவருகின்றனவா என்பது விளங்கிவிடும். வணிகக் கப்பல்களின் ஆள் பட்டியல்கள் 1863 முதல் 1938 வரை உள்ளவற்றில் பெரும்பகுதி, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்துப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவைக்கப்பட்டிருக்கிறது. கப்பலேறுமுன் விருப்ப ஆவணம் எழுதிவைப்பது மாலுமிகளின் வழக்கம். அயல்நாட்டிலோ கடலிலோ மாண்டவர்களின் ஆவணங்கள் 1858 வரை கேன்டர்பரிப் பேராயரின் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டன.

இங்கிலாந்தில் 1978-இல் இயற்றப்பட்ட திருச்சபைச் சட்டத்துக்குப்பின், நூறாண்டு கடந்த கோவில் ஏடுகளில் மிகப் பல மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டன. இப்போது பலவற்றை வீட்டிலிருந்தபடியே கணிப்பொறித் திரையில் காணலாம். வசதி பெருகிய அளவுக்கு அவசரமும் பெருகியிருக்கிறது. ஒரே பெயருடையவர் ஒரே பங்கில் மூவர் இருப்பர். முதலில் கண்டவரைப் பாட்டன் என்று அணைத்துக்கொள்ளாமல், இவர் சிறுவயதிலேயே இறந்தாரா, வேறெங்கும் மணம் முடித்தாரா என்று அடக்க ஏட்டையும் திருமண ஏட்டையும் பார்த்துத் தெளிவது நலம்.

கரையில் நின்றவர்கள்

கடலோடியின் வரலாறு உண்மையில் அவன் மனைவி மக்களின் வரலாறே. ஏட்டில் அடிக்கடி வருபவர்கள் அவர்களே. மூன்றாண்டு நான்காண்டு இடைவெளிவிட்டுத் திருமுழுக்குகள் வருமானால், அந்த இடைவெளி அநேகமாக ஒரு பயணத்தின் நீளம். பின்னர் திருமுழுக்குகள் நின்றுவிடும். சில ஆண்டுகள் கழிந்து அப்பெண் கைம்பெண் என்ற குறிப்போடு மறுமணம் செய்திருப்பாள். கணவன் எங்கே மாண்டான் என்று எந்த ஏடும் சொல்லாது.

பங்கின் பெட்டகத்தில் வேறு சில தாள்களும் கிடந்தன. 1662-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வறுமையுற்றோரைக் காக்கும் பொறுப்பு அவரவர் உரிமைப் பங்கைச் சேர்ந்தது. கடலுக்குச் சென்ற கணவன் திரும்பாமற்போக, பிள்ளைகளோடு கையேந்தி நின்ற பெண்ணை இரு நீதிபதிகள் முன் நிறுத்துவர். நீ எங்கே பிறந்தாய், எங்கே மணந்தாய், உன் கணவனின் ஊர் எது என்று உசாவுவர். விடைகளை எழுதி, வேற்றூர்க்காரி எனக் கண்டால் கணவனின் பங்குக்கு அவளை அனுப்பிவிடுவர். அன்று அவமானமாக இருந்த அந்த விசாரணைத் தாள், இன்று அவள் வழிவந்தோருக்குக் கிடைத்தற்கரிய செல்வமாயிருக்கிறது.

இரக்கமுள்ள இடங்களும் இருந்தன. 1514-இல் அரச சாசனம் பெற்ற டிரினிட்டி ஹவுஸ் என்னும் கடலோர் சபை, முதிர்ந்த மாலுமிகளுக்கும் கைம்பெண்களுக்கும் உதவித்தொகை வழங்கியது. அதற்காக எழுதப்பட்ட விண்ணப்பங்கள் பல இன்றும் உள்ளன. கிரீனிச் நகரில் 1705 முதல் 1869 வரை, ஊனமுற்ற கடற்படை வீரர்கள் தங்கி வாழ ஒரு பெரும் இல்லம் இருந்தது. கடலில் மாளாமல் படுக்கையில் இறந்த மாலுமியைத் தேடுவோர் அதன் ஏட்டையும் பார்ப்பர்.

கலாபனைக் காலத்துக் கத்தோலிக்கர்

கத்தோலிக்கக் கடலோடியின் வழிவந்தோருக்குத் தேடுதல் இன்னும் கடினம். வேத கலாபனைக் காலத்தில் குருக்கள் மாறுவேடத்தில் நடமாடினர். திருமுழுக்கு ஏடு வைத்திருந்தால் அதுவே விசுவாசிகளைக் காட்டிக்கொடுக்கும் பட்டியலாகிவிடும். எனவே எழுதாமல் விட்டவரே பலர். 1606-ஆம் ஆண்டுச் சட்டம், கத்தோலிக்கர் தம் குழந்தைகளுக்கு ஒரு மாதத்துக்குள் ஆங்கிலத் திருச்சபைக் குருவிடமே திருமுழுக்குப் பெற வேண்டுமென்றும், மறுத்தால் 100 பவுன் தண்டமென்றும் விதித்தது. 1754 முதல், யூதரும் குவேக்கர் சபையாரும் தவிர மற்றெல்லாரும் ஆங்கிலத் திருச்சபைக் கோவிலில் மணந்தாலொழியத் திருமணம் சட்டப்படி செல்லாது என்றாயிற்று. கத்தோலிக்கத் தம்பதியர் தம் குருவின் முன் மறைவாக ஒருமுறையும், சட்டத்துக்காக அங்கே ஒருமுறையும் மணவாக்கு அளித்தனர்.

ஆகவே கத்தோலிக்க முன்னோரின் சுவடும் பிற சபையின் ஏட்டிலேயே கிடக்கக்கூடும். லண்டனில் அயல்நாட்டுத் தூதர் இல்லக் கோவில்கள் சட்டத்தின் கைக்கு எட்டாதிருந்தமையால், அவற்றின் ஏடுகளில் பல பெயர்கள் தப்பிப் பிழைத்தன. கப்பல் துறையை அடுத்த வர்ஜினியாத் தெருவில் அயர்லாந்து மாலுமிகளும் துறைமுகத் தொழிலாளரும் கூடிய சிறு கத்தோலிக்கக் கோவில் ஒன்று இருந்தது; 1780-ஆம் ஆண்டுக் கலகத்தில் அதனை இடித்துத் தள்ளினர். 1778, 1791, 1829 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் தளை சிறிது சிறிதாகத் தளர்ந்தது. ஏடுகளும் வெளிச்சத்துக்கு வந்தன. 1904-இல் நிறுவப்பட்ட கத்தோலிக்க ஆவணக் கழகம் அவற்றைத் தேடியெடுத்து அச்சிட்டுவருகிறது.

வங்கக் கடலிலிருந்து ஒரு பெயர்

ஆங்கிலக் கோவில் ஏடுகளில் நம் கடற்பக்கத்துச் சுவடும் உண்டு. 1614-இல் மசூலிப்பட்டினத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில், பாட்ரிக் கோப்லண்ட் என்னும் கப்பற்குரு ஒரு சிறுவனை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். 1616 டிசம்பர் 22-இல் அந்நகரின் புனித டயோனிஸ் கோவிலில் அவனுக்குத் திருமுழுக்களிக்கப்பட்டது. முதலாம் ஜேம்ஸ் மன்னரே அவனுக்குப் பேதுரு என்ற பெயரைத் தேர்ந்தார். கோவிலின் ஏட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. அவன் தாய் அவனை என்ன பெயரிட்டு அழைத்தாள் என்பது அதில் இல்லை.

எதிர்த்திசையில் வந்தவர்களுக்கும் ஏடு உண்டு. சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியன்னை கோவில் 1680 அக்டோபர் 28-இல் அர்ச்சிக்கப்பட்டது. அன்று ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்திருந்த அக்கோவில் அது முதல் ஏடு வைத்திருக்கிறது. சென்னை மாகாணத்துப் பதிவுகளின் படிகள் கப்பலில் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1698 முதலான படிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. தன் ஊர் ஏட்டில் அடக்கம் காணப்படாத மாலுமியொருவனைத் தேடும் பேரன், பல்லாயிரம் மைல் தொலைவில் நம் சென்னை மண்ணில் அவனைக் கண்டுகொள்வதும் நிகழக்கூடியதே.

பெயர் அறியாதவன்

ஏடுகளிலுள்ள பதிவுகளில் உள்ளத்தை மிக உருக்குபவை பெயரில்லாத பதிவுகளே. கடற்கரைப் பங்குகளின் அடக்க ஏட்டில், பெயர் தெரியாத மனிதன், கடல் ஒதுக்கிய உடல் என்னும் பொருள்பட அவை எழுதப்பட்டிருக்கும்.

முன்னாளில் இவ்வுடல்களுக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை. அலை ஒதுக்கியவன் கிறிஸ்தவனா அல்லனா என்று அறிய இயலாது என்ற சாக்கில், சடங்கின்றிக் கரையோரக் குழிகளில் இட்டு மூடினர். 1807 டிசம்பர் 29-இல் கார்ன்வால் கரையில் ஆன்சன் என்னும் போர்க்கப்பல் மோதி உடைந்தபோது, மாண்டவர் பலரை மந்திரிக்கப்படாத நிலத்தில் புதைத்தனர். ஊரார் மனம் பதைத்தது. ஹெல்ஸ்டன் ஊர் வழக்கறிஞர் தாமஸ் கிரில்ஸ் என்பவரின் முயற்சியால் 1808-இல் ஒரு சட்டம் பிறந்தது. கடல் ஒதுக்கும் உடல் ஒவ்வொன்றையும், அது ஒதுங்கிய பங்கின் கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று அச்சட்டம் பணித்தது.

சட்டம் சொல்வதற்கு மேலாகச் செய்தவர், அதே கார்ன்வாலின் வடகரையில் மார்வென்ஸ்டோ பங்கில் நாற்பதாண்டுக் காலம் பணியாற்றிய ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர். கடல் கொந்தளிக்கும் நாட்களில் அவரே செங்குத்தான பாறைகளில் இறங்கிச் சென்று, சிதைந்த உடல்களைச் சுமந்துவரச் செய்து, தம் கோவில் முற்றத்தில் அடக்கம் செய்தார். இவ்வாறு அவர் அடக்கியவர் நாற்பதின்மருக்கு மேல். 1842-இல் கலிடோனியா என்னும் ஸ்காட்லாந்துக் கப்பல் உடைந்து ஒருவர் மட்டுமே தப்பினார். இறந்தவர்களின் புதைகுழிமேல் அக்கப்பலின் முகப்புச் சிலையையே நினைவுச் சின்னமாக நட்டார் ஹாக்கர். ஆங்கிலத் திருச்சபைக் குருவாக வாழ்ந்த அவர், மரணப் படுக்கையில் கத்தோலிக்க திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டு, 1875 ஆகஸ்டு 15-ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று உயிர் நீத்தார்.

முன்னோரைத் தேடும் ஆர்வம் சிலவேளை குலப்பெருமை தேடும் வீண் முயற்சியாகிவிடுவதுண்டு. கடலோடிகளைத் தேடுவோரிடம் அது நெடுநாள் நிலைப்பதில்லை. அவர்கள் காண்பது பெரும்பாலும் கூலியாளின் மகனையும், கையெழுத்துக்குப் பதில் கீறலிட்ட மணமகனையும், கணவன் வருவானென்று காத்திருந்து மாய்ந்த மனைவியையும்தான். ஆயினும் கண்டவர் மனநிறைவோடு திரும்புகின்றனர். தம் குருதியில் ஒருவன் பெயரற்றுப் போய்விடவில்லை என்பதே அவர்களுக்குப் போதுமானதாயிருக்கிறது.

1728-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மார்ட்டன் கோவிலில் அந்த ஒரு வரியை எழுதியவர், ஒரு நாட்கூலியின் குழந்தையைத்தான் எழுதினார். அவன் யாராவான் என்று அவர் அறிந்திருக்க இயலாது. அறியாமலே செம்மையாக எழுதிவைத்தார். ஆகையால் நாம் இன்று அவனை அறிவோம். ஏடுகளைக் காக்கும் கோவில்களும், அவற்றில் தம் பிள்ளைகளின் பெயரை எழுதுவிக்கும் பெற்றோரும், பெயரையும் நாளையும் பிழையின்றிச் சொல்லி எழுதுவிப்பது சிறு வேலையாகத் தோன்றலாம். நூறாண்டுகளுக்குப் பின்னர் எவரோ ஒருவர் தம்முடையவரைத் தேடி வரும்போது, அந்த ஒரு வரிதான் அவருக்கு விடை சொல்லும்.